கொழும்புத் தொடர்மாடிகள்: வரைபடத்தை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இன்னும் கட்டி முடிக்கப்படாத தொடர்மாடியொன்றில் ஒரு வீட்டுக்கு முற்பணம் செலுத்தி வைப்பது நல்ல முதலீடாகுமா? புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது முதலிடம் இதற்குத்தான். நாட்டு நிலைவரம் எப்படி என்று தொடங்கும் தொலைபேசி உரையாடல்கூட ஐந்து நிமிடத்தில் இங்குதான் வந்து நிற்கிறது. நான் வீடு விற்பவனுமல்லன், பொருளியல் படித்தவனுமல்லன். ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், ஞாயிறு இதழ்களின் வீடு, காணி விளம்பரப் பக்கம் எப்படியெல்லாம் மாறி வந்தது என்பதைக் கண்டிருக்கிறேன். இக்கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த மாற்றத்தின் வரலாற்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எமது மக்களுக்கு ஆதனம் என்றால் முதலில் காணிதான். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். இத்தனை பரப்பு, வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை என்று எல்லைகளைச் சொல்லி, அதிலுள்ள வான்பயிர், பனைகள், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்காக உடையனவாய் இருப்பதும், அதை இறைப்பதற்கு முறை வைப்பதும், அதன் பொருட்டு வழக்குக்குப் போவதும் எமக்குப் புதியனவல்ல. ஆனால் நிலமே இல்லாமல், தரையிலிருந்து எண்பது அடி உயரத்தில் உள்ள நான்கு சுவர்களுக்கு உறுதி எழுத முடியும் என்பது எமது பாட்டன்மார் கற்பனை செய்திராத ஒன்று.

அதற்கு இலங்கையில் இன்றுள்ள சட்டம் வந்தது 1973-ஆம் ஆண்டு. வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஆடம்பர மாடங்களுக்கெல்லாம் அடித்தளமான சட்டத்தைக் கொண்டு வந்தது முதலாளிகளுக்கு ஆதரவான அரசாங்கமன்று. சிறீமாவோ பண்டாரநாயக்காவின் தலைமையில் இடதுசாரிகள் பங்கேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கமே அதைச் செய்தது. வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன்.

அந்த அரசாங்கம் முதலில் 1972-இல் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. குடியிருப்பவரை எளிதில் எழுப்ப முடியாதபடி அது பாதுகாத்தது. அடுத்து, 1973-இன் 1-ஆம் இலக்கச் சட்டமாக வீட்டு உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை விதிக்கப்பட்டது. மேலதிக வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சென்றன. அதே ஆண்டில் 11-ஆம் இலக்கச் சட்டமாகத் தொடர்மாடி உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஒரே கட்டிடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கலாம். மாடிப்படி, கூரை, நீர்த்தாங்கி போன்றவை எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் என்று அது ஏற்பாடு செய்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961-இல் இயற்றிய சட்டம் உலகின் பல நாடுகளுக்கு வழிகாட்டிய இத்தகைய ஏற்பாடுகளில் ஒன்று. எமது கிணற்றுப் பங்கு லிப்டுப் பங்காக மாறியது எனலாம்.

இச்சட்டங்கள் மூன்றும் சேர்ந்து விளைவித்ததைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டுவது கொழும்பில் அறிவுடைய செயலாக இல்லாமற் போயிற்று. வீட்டைக் கட்டினால் விற்றுவிட வேண்டும். ஒரு காணியில் பல வீடுகளைக் கட்டித் தனித்தனியே விற்பதற்குச் சட்டமும் கையில் இருந்தது. 1977-இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பின்னர், விதை முளைக்கத் தொடங்கியது. தொடர்மாடிச் சட்டம் 1982-இலும் பின்னர் 2003-இலும் முக்கியமான திருத்தங்களைக் கண்டது.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். கடற்கரைக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், அரசாங்க உத்தியோகத்துக்கென யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் வீடுகளை வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் குடியேறினார்கள். முன்புறம் சிறிய பூந்தோட்டம், பின்புறம் ஒரு முருங்கை, ஓடு வேய்ந்த வீடு. 1958-இலும் 1977-இலும் 1983-இலும் வன்செயல்கள் இந்த ஒழுங்கைகளுக்குள் நுழைந்தன. 83 யூலையின் பின்னர் எரிந்த வீட்டையும் எரியாத வீட்டையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலிலும் விமானத்திலும் போனவர்கள் ஏராளம்.

ஆனால் அதே வெள்ளவத்தைக்கே தமிழர் திரும்பியும் வந்தார்கள். வடக்கில் போர் கடுமையாகக் கடுமையாக, குறிப்பாக 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், மருத்துவத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கத் தனித்துப்போன பெற்றோர்கள் எனப் பலரும் கொழும்பில் தங்க நேர்ந்தது. அவர்களுக்கு லொட்ஜ் அறைதான் கதி. பொலிஸ் பதிவு, நள்ளிரவுச் சோதனை, வந்த காரணத்தை விளக்குதல் என்பன அந்த அறை வாழ்க்கையின் பகுதிகள். பிள்ளைகள் அனுப்பிய டொலரும் பவுணும் சேர்ந்தபோது பெற்றோருக்கென ஒரு மாடிவீடு வாங்கப்பட்டது. பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் ஏழு மாடி, எட்டு மாடி எழுந்தன.

இங்கே ஒரு திகதியைச் சொல்ல வேண்டும். 2007 யூன் 7-ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். "தகுந்த காரணமின்றி" தங்கியிருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனால் அந்த ஒரு நாளில் எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிட்டது. லொட்ஜில் இருப்பவனை ஏற்றலாம். தன் பெயரில் உறுதி உள்ள வீட்டில் இருப்பவனை ஏற்றுவது அத்தனை எளிதன்று. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் மாடிவீடு வாங்கியவர் எவரும் அதை முதலீடு என்று அழைக்கவில்லை. அது ஒரு தஞ்சம். எத்தனை சதவீதம் வருமானம் வரும் என்று தஞ்சத்திடம் யாரும் கேட்பதில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. விளம்பரப் பக்கத்தின் மொழி மாறியது. "இரு அறை, குழாய்நீர், தமிழ்க் குடும்பத்துக்கு உகந்தது" என்றிருந்த நான்கு வரி விளம்பரங்களின் இடத்தில், கணினியால் வரையப்பட்ட நீச்சற் குளங்களும் சூரிய அஸ்தமனங்களும் அரைப் பக்கத்துக்கு வந்தன. வெள்ளவத்தை நெசவாலை இருந்த பெருங்காணியில் ஹவ்லொக் சிட்டி எழுந்தது. பேரை வாவியோரம், உலகப் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் மோஷே சப்டி வரைந்த அல்ரெயர் கோபுரம் சாய்ந்து நிற்கும் இரண்டு தடிகள்போல் உயர்ந்தது. 'முதலீடு' என்ற சொல் அப்போதுதான் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. கட்டி முடியுமுன் வாங்கினால் மலிவு, முடிந்ததும் விற்றால் இலாபம் என்ற கணக்கும் அதனுடன் வந்தது.

இந்தக் கணக்குக்கு எதிரான முதற்பாடம் அதற்கு முன்னரே கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் நின்றுகொண்டிருந்தது. செலின்கோ குழுமத்தின் 'செலஸ்ரியல் ரெசிடன்சீஸ்' என்னும் ஆடம்பரத் தொடர்மாடி அது. 2008 டிசம்பரில் அதே குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ நிறுவனம் வைப்பாளர்களின் ஏறத்தாழ 2,600 கோடி ரூபாவுடன் விழுந்தது. குழுமம் ஆட்டங்கண்டது, மாடியின் வேலையும் நின்றது. 2011 நவம்பரில் நிறைவேறிய, நலிவுற்ற நிறுவனங்களைச் சுவீகரிக்கும் சட்டத்தின் பட்டியலில் அந்த ஆதனத்துக்குரிய நிறுவனத்தின் பெயரும் இருந்தது. பின்னர் அது தொடர்மாடி என்ற நிலையையே இழந்து, அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தினதும் ஊழியர் சேமலாப நிதியினதும் பணத்தில் ஹோட்டலாக மாற்றப்பட முனைந்து, அதுவும் ஆண்டுக்கணக்கில் முடிவடையாமல் நின்றது. வரைபடத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பவர் ஒரு வீட்டை மட்டும் நம்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கட்டுபவரின் மற்ற வியாபாரங்கள், அவருடைய வங்கி, நாட்டின் அரசியல் ஆகிய எல்லாவற்றையும் அவர் சேர்த்தே நம்புகிறார்.

பெரிய பெயர்களை விடுவோம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகனிடமிருந்து வந்த பணத்தோடு தமது ஓய்வூதியக் கொடையையும் சேர்த்து, கடலோர ஒழுங்கையொன்றில் எழவிருந்த மாடியில் மூன்றாவது தளத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு தவணை செலுத்தினார். ஐந்தாவது தளத்தோடு வேலை நின்றது. கட்டுபவர் மறையவில்லை, கேட்ட போதெல்லாம் மரியாதையாகத் தேநீர் கொடுத்து "அடுத்த மாதம் ஐயா" என்றார். காணியை வங்கி ஈடாக வைத்திருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆசிரியரின் கையில் இருந்தது நிறுவனத்தின் பெயர் பொறித்த அழகிய தாளில் அச்சிட்ட 'ஒதுக்கீட்டுப் படிவம்'. நொத்தாரிசு கையொப்பம் அதில் இல்லை. வாடகை வீட்டிலேயே அவருடைய மனைவி காலமானார். வீடு ஒருவாறு கிடைத்தபோது, அதில் குடியிருக்க அவர் மட்டுமே எஞ்சியிருந்தார்.

இங்கேதான் சட்டத்தின் பழைய ஏடொன்றைப் புரட்ட வேண்டும். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. அசையா ஆதனத்தை விற்பது மட்டுமன்றி, விற்பதாக உடன்படுவதும்கூட நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் சட்டத்தின் முன் வலுவற்றது என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் காலத்தில் காணி மோசடிகளைத் தடுக்க எழுதிய விதி, குளிரூட்டிய விற்பனை அலுவலகத்தில் கையொப்பமிடப்படும் படிவத்துக்கும் பொருந்தும். மறுபக்கத்தில், 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம், கடன் திரும்பாதவிடத்து ஈடுவைத்த ஆதனத்தை நீதிமன்றத் தீர்ப்பைப் பெறாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. ஒருபுறம் பதிவு செய்யப்பட்ட ஈட்டோடு வங்கி. மறுபுறம் பதிவில்லாத படிவத்தோடு வீடு வாங்குபவர். மாடி பாதியில் நின்றால் இருவரில் யாருக்குக் காணி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது நீச்சற் குளத்தின் நீளத்தையன்று. காணியின் உறுதி யார் பெயரில்? அது ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால், என் வீட்டை விடுவிப்பதற்கு வங்கி எழுத்தில் உடன்படுமா? கட்டிட அனுமதி எத்தனை மாடிக்கு? விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு மூலம் எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்படுமா? தாமதத்துக்கு நட்டஈடு உண்டா? புதிய வரி வந்தால் யார் செலுத்துவது? வேலை முடிந்ததும் உகமைச் சான்றிதழ் பெற்று, தொடர்மாடி வரைபடத்தைப் பதிவு செய்து, உறுதியை எழுதித் தர எத்தனை காலம் எடுக்கும்? குடிவந்து பல ஆண்டுகளாகியும் உறுதி இல்லாதவர்கள் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். உறுதியில்லாத வீட்டில் வாழலாம். விற்பதற்குப் போகும்போதுதான் அதன் பெறுமதி தெரியும். 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்கின் பின்புறம் ஒரு கட்டிடம் இடிந்து விழுந்து உயிர்கள் போயின. அனுமதியும் மேற்பார்வையும் வெறும் காகித விடயங்களல்ல என்பதை அது நினைவூட்டியது.

அடுத்தது பணக் கணக்கு. புலம்பெயர்ந்தவர் டொலரில் உழைத்து ரூபாவில் வாங்குகிறார். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2012-இல் ஒரு டொலர் சராசரியாக 127 ரூபா. அப்போது 2 கோடி ரூபாவுக்கு வாங்கிய வீட்டுக்கு ஏறத்தாழ 157,000 டொலர் சென்றிருக்கும். அதை 2024-இல் 4 கோடிக்கு விற்றதாக வைப்போம். விலை இரட்டிப்பாகிவிட்டதென்று ஊரார் வியப்பார்கள். அந்த ஆண்டு டொலர் சுமார் 302 ரூபா. கைக்கு வருவது ஏறத்தாழ 132,000 டொலர். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, ரூபாவில் இருமடங்காகி, டொலரில் நட்டம். மாதம் ஒரு லட்சம் ரூபா வாடகை வந்தாலும், 4 கோடி வீட்டுக்கு அது ஆண்டுக்கு 3 சதவீதம் மட்டுமே. பராமரிப்புக் கட்டணம், வரி, வீடு வெறுமையாய்க் கிடக்கும் மாதங்கள் என்பனவற்றை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

2022 இதை எல்லோருக்கும் உணர்த்திய ஆண்டு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. ஏப்ரல் 12-ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நாடு நிறுத்திக்கொண்டது. சீமெந்தின் விலை ஓராண்டுக்குள் இரு மடங்குக்கு மேலாயிற்று. வங்கிக் கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. ரூபாவில் விலை பேசி விற்றிருந்த கட்டுநர் அதே விலைக்குக் கட்டி முடிக்க முடியாமல் திண்டாடினார். டொலரில் விலை பேசி வாங்கிய உள்ளூர்வாசி அடுத்த தவணையைச் செலுத்த முடியாமல் திண்டாடினார். கட்டி முடிந்த வீட்டை வைத்திருந்தவரோ, பணவீக்கத்தில் ரூபா கரைந்தபோது தம் கையில் கல்லும் சீமெந்துமாவது இருக்கிறதென்று ஆறுதல் கொண்டார். முடிந்த வீட்டுக்கும் முடியாத வீட்டுக்கும் உள்ள வேறுபாடு நெருக்கடி வரும்போதுதான் புலப்படுகிறது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயென்று எண்ணிவிடக் கூடாது. ரொறன்ரோவில், கட்டுமுன் வாங்கிய கொண்டோக்களின் மதிப்பீடு, 2022-இல் வட்டி ஏறியபின், பலருக்கு ஒப்புக்கொண்ட விலைக்குக் கீழே போனதை எமது ஸ்காபரோ உறவினர்கள் அறிவார்கள். சிட்னியில் ஒப்பல் கோபுரம் 2018 நத்தார் முன்னிரவில் வெடிப்புக் கண்டு, குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒன்ராறியோவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் வாங்குபவரின் வைப்புப் பணம் நம்பிக்கைக் கணக்கில் வைக்கப்படுகிறது. ஒப்பமிட்டபின் மனம் மாறுவதற்கும் சில நாள் அவகாசம் உண்டு. இந்தியா 2016-இல் இயற்றிய சட்டம், வாங்குபவர்களிடமிருந்து பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது. கனடாவில் பெற்ற பழக்கத்தோடு கொழும்பில் கையொப்பமிடுபவர்கள், அங்கே சட்டம் தானாகத் தரும் பாதுகாப்பை இங்கே தாமே பேசி, உடன்படிக்கையில் எழுத வைக்க வேண்டியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2014-இன் 38-ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தபோது, நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு விலக்களித்தது. இலங்கைக் குடியுரிமையைத் துறந்து வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழரும் இச்சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அத்தடை இல்லை. பிறந்த மண்ணில் ஒரு பரப்புக் காணி வாங்க முடியாதவர், அதே மண்ணுக்கு மேலே ஐந்தாம் மாடியில் வீடு வாங்கலாம் என்ற நிலை வந்தது. புலம்பெயர்ந்தோரின் பணம் ஏன் மேலே மேலே போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே என் விடை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பெற்றோரை இருத்தவோ, நாளை நாமே வந்து இருக்கவோ ஒரு வீடு வேண்டுமென்றால், கட்டி முடிந்து, உறுதியும் எழுதக்கூடிய நிலையிலுள்ள வீட்டைச் சற்றுக் கூடிய விலையானாலும் வாங்கலாம். அந்த மேலதிக விலை வீண் செலவன்று; காத்திருப்பின் ஆபத்தை விலக்குவதற்கான கட்டணம். இலாபத்துக்காக மட்டும், வரைபடத்தைப் பார்த்து வாங்குவதென்றால், அதை வீடு வாங்குவதாக எண்ண வேண்டாம். முகந்தெரியாத ஒரு வியாபாரிக்கு ஈடின்றி வட்டியின்றிக் கடன் கொடுப்பதாக எண்ணிப் பாருங்கள். அப்படி எண்ணியபின்னும் கொடுக்க மனம் துணிந்தால், இழந்தாலும் வாழ்க்கை குலையாத பணத்தை மட்டும் கொடுங்கள். அதுவும் விற்பவர் காட்டும் சட்டத்தரணியிடமன்றி, உங்களுக்கென ஒருவரை அமர்த்தி, காணிப் பதிவகத்தின் ஏட்டைப் பார்த்த பின்னர்.

வெள்ளவத்தையின் முதல் மாடிவீடுகளை வாங்கியவர்கள் விலை உயருமா என்று பார்க்கவில்லை. கதவை உட்புறமாகப் பூட்டிக்கொண்டு படுக்கலாமா என்றுதான் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கதவு அன்றே இருந்தது. வரைபடத்தில் வாங்குபவர் அந்தக் கதவுக்காக எத்தனை ஆண்டு காத்திருக்கத் தயார் என்பதைக் கையொப்பமிடுமுன் தம் குடும்பத்தோடு இருந்து பேசிக்கொள்வது நல்லது.